கோபத்தில் ஓடும் கார்

பேட்டரியைப் போட மறந்துவிட்டு, அன்றைக்கு அவள் பந்தயத்தில் ஜெயித்தாள்.

ஜெயிக்கும்போது அது அவளுக்குத் தெரியாது. எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. வீடியோ கேம் சாமான்கள் விற்கும் பெரிய கடை. நடுவில் ஒரு சுழல் நாற்காலி, அதில் அவள், தலையில் மூளையைப் படிக்கும் ஹெட்செட். கைகள் இரண்டும் மடியில் மல்லாந்து கிடக்கும். கையில் ஒன்றும் இல்லை என்று வேடிக்கை பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே. எதிர்ச்சுவரை அடைத்துக்கொண்டு ஒரு திரை. திரையில் ஒரு சிவப்புக் கார். அவள் நினைத்தால் திரும்பும், நினைத்தால் பறக்கும். "பாத்தீங்களா, ஒரு விரலைக்கூட அசைக்கல! வெறும் மூளைதான்!" என்று மேனேஜர் மைக்கில் முழங்குவார். ஜனம் வாயைப் பிளக்கும்.

அன்றும் பிளந்தது. கூட்டம் கலைந்ததும், சார்ஜ் போடலாம் என்று ஹெட்செட்டைத் திருப்பி மூடியைக் கழற்றினாள். பேட்டரி இருக்க வேண்டிய குழி காலி. கழன்று விழுந்திருக்கும் என்று நாற்காலிக்கு அடியில் குனிந்து தேடினாள். தேடும்போதே நினைவு வந்தது. மதியம் அவளே அதைக் கழற்றிச் சாப்பாட்டு அறையில் சார்ஜரில் செருகியிருந்தாள். ஓடிப்போய்ப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிய அங்கேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

வீட்டில் அவளுக்கு 'மந்தம்' என்று பேர். பேச்சு வரத் தாமதமானதால் வந்த பேர். பேச்சு வந்த பிறகும் போகவில்லை. மந்தம், தண்ணி கொண்டா. மந்தம், விளக்கை அணை. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அவளும் அவள் பெரியம்மா மகளும் மட்டும்தான். பட்டம் வாங்கி வந்த அன்று, வீடு நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு மாமா கேட்டார்: "காகிதம் கிடைச்சிருச்சு, மூளை எப்ப கிடைக்குமாம்?" எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரித்ததைக்கூட விட்டுவிடலாம். அப்பாவும் சிரித்தார்.

பெரியம்மா மகள், அவள் அக்கா என்று கூப்பிடுகிறவள், இந்த ஹெட்செட் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறாள். வேலை வாங்கிக் கொடுத்தவளும் பழக்கிவிட்டவளும் அவள்தான். இடது பக்கம் திரும்ப, இடது கையால் ஈரத்துணியைப் பிழிவதாக நினைக்க வேண்டும். வலது பக்கத்துக்கு, துருப்பிடித்த பூட்டைத் திறப்பதாக. வேகத்துக்கு மட்டும் எதை நினைத்தும் கார் அசையவில்லை. ஒருநாள் எரிச்சலில் மாமாவின் முகத்தை நினைத்தாள். கார் பாய்ந்தது.

"அதான்டி!" என்று குதித்தாள் அக்கா. "உன் கோபத்தைச் சும்மா வீணாக்காத. அதுல காரை ஓட்டு."

ஓட்டினாள். ஒவ்வொரு காட்சிக்கும் பழைய அவமானங்களைத் தோண்டி எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டு ஓட்டினாள். நேர்சாலைக்கு மாமா. மேட்டுக்கு, 'நீயெல்லாம் இங்க எதுக்கு வந்தே' என்று வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்ட பேராசிரியர். கடைசிச் சுற்றுக்கு அப்பாவின் சிரிப்பு. அதைவிடப் பெரிய எரிபொருள் அவளிடம் இல்லை. வீட்டுக்குப் போனால் தலை விண்விண்ணென்று தெறிக்கும், சாப்பாடு இறங்காது. ஆனாலும் ஒரு சந்தோஷம். பட்டதெல்லாம் எதற்கோ உதவுகிறதே! அப்பா ஒருநாள் கடைக்கு வந்து கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தார். "என் பொண்ணு மூளையாலயே கார் ஓட்டுறா" என்று அன்றிலிருந்து பார்க்கிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மந்தம், மூளைக்காரி ஆனாள்.

அந்த மூளைக்காரிதான் இப்போது பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு மரமாக நின்றாள்.

சாயங்காலக் காட்சிக்குப் பேட்டரியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் துணியைப் பிழியவில்லை, பூட்டைத் திறக்கவில்லை. கார் கிளம்பியதிலிருந்து, 'நில்லு, நில்லு, சனியனே நில்லு' என்று மட்டும் நினைத்தாள். கார் வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போய் முதலாவதாக வந்தது. கைதட்டல் அடங்குவதற்குள் எழுந்து, திரைக்குப் பக்கத்திலிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு பின்னறைக்குள் போனாள். காட்சி நேரத்தில் அக்கா அங்கேதான் இருப்பாள். 'உன் மூளை அலையோட கிராஃபைப் பாத்துட்டே இருக்கணும்டி' என்பாள்.

அக்கா கேம் கன்ட்ரோலரை மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கிராஃப் பாக்குறதுக்கு இது எதுக்குக்கா?"

அக்கா இழுப்பறையை மூடினாள். இனி மூடி என்ன பிரயோஜனம் என்று தோன்றியதோ என்னவோ, திரும்பத் திறந்தாள்.

"கதவைச் சாத்து முதல்ல."

"சாத்தியாச்சு. எப்போலேர்ந்து?"

"கத்தாத. ஆரம்பத்துல நீதான்டி ஓட்டினே, சத்தியமா. நேரா போகும், திடீர்னு சுவத்துல முட்டும். ஆளுங்க சிரிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? மேனேஜர் உன்னைத் தூக்கிடலாம்னாரு. நான்தான், இருங்க சார், வளைவுல மட்டும் கொஞ்சம் கை குடுத்தா பழகிடுவான்னு..."

"நல்லா குடுத்தே கை. அப்புறம்?"

"அப்புறம் ரெண்டு பேரும் ஓட்டினா கார் தடுமாறுச்சு. உன் சிக்னலை நிறுத்திட்டேன்."

ஏதோ குழாயை மூடிவிட்டேன் என்பதுபோல் சொன்னாள்.

"மாமா சொன்னது, அப்பா சிரிச்சது, எல்லாத்தையும் உன் ஒருத்திகிட்டதான் சொன்னேன். தினமும் அதைக் கிளறிக் கிளறி அங்க உக்காந்து வெந்தேன். நீ இங்க உக்காந்து பட்டனை அமுக்கிட்டிருந்தே. ஒருநாள், ஒரே ஒருநாள், 'போதும்டி, சும்மா உக்காரு, எதையும் நினைக்காத'ன்னு சொல்லத் தோணலையா உனக்கு?"

"நீ சும்மா உக்காந்தா மூஞ்சி சரியா வராதுன்னு மேனேஜர்..." அக்கா பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஆக, மூஞ்சிக்காகத்தான். மூளைக்கு அங்கே வேலையே இல்லை.

"அப்ப அந்த ஸ்கூல் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?"

அக்காவுக்கு எப்படித் தெரியும்? ஹெட்செட் வாங்கியவர்கள் திரும்பி வந்து நிற்பது கடையில் இவளிடம்தானே. போன வாரம் ஒருவர் பெட்டியோடும் மகளோடும் வந்தார். வீட்டில் கார் ஒரு அடிகூட நகரவில்லையாம். "மண்டையில ஏதாவது இருந்தாத்தானே நகரும்," என்றார் மகளைப் பார்த்து. அந்தப் பெண் புத்தகப் பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள். இவள் என்ன சொன்னாள்? "கவனம் பத்தலை சார். நல்லா பயிற்சி பண்ணச் சொல்லுங்க." தன் வாயால் சொன்னாள். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னாள்.

"இங்க பாரு," அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "நாளைக்கு டீலருங்க வர்றாங்க. நாளைக்கு மட்டும் உக்காந்துடு. ஆர்டர் வந்துட்டா நிஜமாவே இதைச் சரி பண்ணிடலாம். நீ ஏதாவது பண்ணி வெச்சா என் வேலையும் போகும். உனக்கு மட்டும் என்ன? திரும்ப வீட்டுல போய் மந்தமா நிக்கப் போறியா?"

அந்த வார்த்தையை இதுவரை சொல்லாத ஒரே ஆள் அக்காதான்.

அவள் கையை உருவிக்கொண்டாள். "வர்றேன்," என்றாள்.

மறுநாள் டீலர்கள் கோட்டும் டையுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் மைக்கை ஊதிப் பார்த்தார். அவள் நாற்காலியில் ஏறினாள், கைகளை மல்லாத்தினாள். கார் கிளம்பியது. பழக்கதோஷத்தில் அப்பாவின் சிரிப்பு மனசுக்குள் வந்து நின்றது. 'போ, உனக்கு இங்க வேலை இல்லை' என்று அதைத் துரத்தினாள். வீட்டில் இன்று ராத்திரி அது திரும்ப வரும், நிஜமாகவே வரும் என்றும் தெரிந்தது. வரட்டும்.

இரண்டாவது சுற்றில் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

கார் போய்க்கொண்டேயிருந்தது.

முன்வரிசையில் ஒருவர் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், திரும்ப அவளைப் பார்த்தார். மேனேஜரின் குரல் பாதி வாக்கியத்தில் அறுந்தது. நிறுத்து என்று அவர் யாரைப் பார்த்துக் கத்துவார்? அவள் நாற்காலியை விட்டு இறங்கினாள். ஹெட்செட்டை வாளிபோலக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு டீலர்களின் முழங்கால்களைத் தாண்டி நடந்தாள். அத்தனை தலைகளும் அவளோடு கூடவே திரும்பின. திரையில் சிவப்புக் கார் மேட்டில் ஏறி, இரண்டு கார்களை முந்தியது. அழகாகத்தான் ஓட்டினாள் அக்கா.

கதவைத் திறந்தாள். அக்கா சின்ன மானிட்டரின் மேல் கவிழ்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, கன்ட்ரோலரோடு சேர்ந்து உடம்பையும் வளைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு? இருங்க, கடைசிச் சுத்து," என்றாள் திரும்பாமலேயே.

"நிதானமா ஓட்டுக்கா. எல்லாரும் பாக்குறாங்க."

அக்காவின் கட்டைவிரல் நின்றது. வெளியே, பெரிய திரையில், காரும் நின்றது.