கத்தாத பெட்டி

பெட்டிக்காரர் என்றால்தான் தொழில் வட்டாரத்தில் அவரைத் தெரியும். காஸ் கசிந்தால் கத்துகிற பெட்டியைச் செய்தவர். அதை வைத்துக் கம்பெனி தொடங்கி, பெரிய இடத்துக்கு விற்று, இப்போது புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்குச் சொந்தக் காசைப் போட்டுத் தூக்கிவிடுகிறார். விசிட்டிங் கார்டில் ஏஞ்சல் முதலீட்டாளர் என்று இருக்கும். தேவதைக்குக் குப்பை வாளியைக் கீழே கொண்டுபோகத் தெரியாதா என்று மனைவி கேலி செய்வாள்.

அந்த மனைவிக்காகச் செய்த பெட்டிதான் அது. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு வாசனையே தெரியாமல் போயிற்று. பால் தீய்ந்தாலும் தெரியாது. லிஃப்ட் கம்பெனியில் சர்க்யூட் வரைந்துகொண்டிருந்த மனிதர் வேலையை உதறிவிட்டு, அவளுக்கு மூக்காக ஒரு பெட்டி செய்ய உட்கார்ந்தார். மேடை கிடைத்த இடத்திலெல்லாம் இந்தக் கதையைச் சொல்வார். சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அதில் நடிப்பு கிடையாது, அவள் என்றால் அவருக்கு உயிர்.

சொல்லாத கதையும் ஒன்று உண்டு. முதன்முதலில் பணம் போட வந்தவர் ஒரு சென்ட் பிரியர். அவர் குனிந்து பார்த்தால் போதும், சென்ட் ஆவியைக் காஸ் என்று நினைத்துப் பெட்டி வீல் என்று அலறும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால் எப்படி? நம்மவர் பக்கத்து அறைக்கு ஓடி, பெட்டியை இயக்கும் நிரலில் ஒரே ஒரு எண்ணை மாற்றினார். சென்சார் சூடாகும் வரை காத்திருக்க வேண்டிய இரண்டு நிமிடத்தை நாற்பதாக்கினார். பெட்டியைப் பிடுங்கிச் செருகினால் நாற்பது நிமிடத்துக்கு அது சுத்தச் செவிடு. பச்சை விளக்கு மட்டும் எரியும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் ஊரைக் கூட்டும். அவரும் அதைத்தான் அழுத்திக் காட்டினார், பணமும் வந்தது.

நாளைக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தார். மாற்றினால் சென்ட்காரர் மறுபடி வந்து குனிவாரே என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளினார். பிறகு, செருகிக் காட்டிய இடத்திலெல்லாம் அது வீணாகக் கத்தாததால், பொய் அலறல் இல்லாத பெட்டி என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. கரண்ட் போய் வந்த அந்த நாற்பது நிமிடத்திலா கசியப்போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி இருந்தாலும், சோறு விற்றுக்கொண்டே இருந்தது.

இன்று காலை பதினொரு மணிக்கு ஒரு பெண் அவருடைய அலுவலகத்துக்கு வந்தாள். விடுதிச் சமையலறைகளுக்குக் காஸ் அலாரம் செய்கிற சின்னக் கம்பெனி அவளுடையது. பெட்டிக்காரர் படம் போட்டுக் காட்டுவதையெல்லாம் பார்க்கமாட்டார். எந்தக் கருவி வந்தாலும் பிளக்கைப் பிடுங்கி, மறுபடி செருகி, அது தடுமாறுகிறதா என்று பார்ப்பதுதான் அவர் வழக்கம். அப்படியே செய்தார். பிறகு சிகரெட் லைட்டரைப் பற்றவைக்காமல் அழுத்தி, காஸை மட்டும் அதன் முன்னால் பிடித்தார்.

பெட்டி வாயே திறக்கவில்லை.

அவள் சிரித்துக்கொண்டே, உள்ளே இருப்பது உங்கள் பழைய கம்பெனியின் சென்சார் போர்டுதான், சூடாகக் கொஞ்ச நேரம் ஆகும் என்றாள். இதுவரை முந்நூறு சமையலறைகளில் மாட்டியாயிற்றாம்.

"எவ்வளவு நேரம்னு அளந்து பாத்தியாம்மா?"

"நாப்பது நிமிஷம் சார். ஏதோ காரணமாத்தான் வெச்சிருப்பீங்கன்னு நாங்க கை வைக்கல."

அவர் லைட்டரை மேஜையில் வைத்தார். அந்த போர்டு பழசு, வேறு போட்டுக்கொள், பணம் நான் தருகிறேன் என்று நாசூக்காகச் சொல்லி முடித்துவிடலாம் என்று வாயெடுத்தார். அதற்குள் போன் அடித்தது. மனைவி.

காலையிலிருந்து கரண்ட் இல்லையாம், இப்போதுதான் வந்ததாம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள். பேச்சுக்கு நடுவே டிக், டிக் என்று ஒரு சத்தம் அவருக்குக் கேட்டது.

"என்ன சத்தம் அது?"

"அடுப்பு லைட்டர்ங்க. ரொம்ப நேரமா மக்கர் பண்ணுது. அடுப்பைத் திறந்து வெச்சுட்டு அழுத்தி அழுத்திக் கையே வலிக்குது."

அவர் எழுந்துவிட்டார். "அதைக் கீழ வை. சிலிண்டரை மூடு. எந்த சுவிட்சையும் தொடாத. கதவைத் திறந்துட்டு வெளிய போ."

"எதுக்குப் பதறுறீங்க? கசிஞ்சா உங்க பெட்டி கத்தாதா? பச்சை எரியுதே."

எதிரே அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். ஒரே ஒரு நொடிதான். அந்த நொடியிலும் லைட்டர் ஒருமுறை டிக் என்றது.

"அது கத்தாது. கரண்ட் வந்து நாப்பது நிமிஷத்துக்கு அதுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் அப்படிப் பண்ணேன். தயவுசெஞ்சு வெளிய போ!"

லைட்டர் தரையில் விழுந்தது. செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், பிறகு மாடிப்படி. படியில் ஏறி வந்த யாரோ ஒருத்தி, என்ன இப்படிக் குப்பென்று காஸ் அடிக்கிறது என்று கத்துவது போனிலேயே கேட்டது. பெட்டிக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

தெருவுக்கு வந்ததும் மனைவி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்கு இது எத்தனை வருஷமா தெரியும்?"

எதிரே அந்தப் பெண் தன் முந்நூறு வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்து, முதல் எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"பன்னெண்டு" என்றார்.