தையல் மிஷினுக்கு எதிரே ஒரு விளக்கு

பஸ் டிரைவர் மூன்று புகை அலாரம் வாங்கி வந்திருந்தான். போன வாரம் மாடியில் இஸ்திரிப் பெட்டி சூடாகவே கிடந்து மேசைத் துணி கருகியதிலிருந்து அவனுக்கு மனசு ஆறவில்லை. மாடியறை அவன் அக்காவுடையது. அங்கேதான் தைப்பாள், அங்கேதான் தூங்குவாள். ஆறு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வாள்.

“ஒண்ணு சமையல்கட்டுல, ஒண்ணு ஹால்ல, ஒண்ணு என் ரூம்ல,” என்றான் எலக்ட்ரீஷியனிடம்.

“அடுப்புக்கு மேல வேணாங்க. தாளிக்கிறப்பல்லாம் கத்தும். ரெண்டே நாள்ல கடுப்பாகி நீங்களே கழட்டி எறிஞ்சிருவீங்க. சமையல்கட்டுக்கு வெளிய மாட்டலாம். புகை மேல ஏறும், அதனால மாடிப்படி முடியிற எடத்துல ஒண்ணு. அப்புறம் தூங்குற ரூமுங்க. அக்கா ரூமுக்கு?”

“அங்க மாட்டி என்னண்ணே பிரயோஜனம்? அவளுக்குத்தான் கேக்காதே. எனக்குக் கேட்டா போதும், ஓடிருவேன்.”

அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் முகம் சுண்டிப்போனது.

“நீ பஸ்ஸ எடுத்துட்டுப் போனப்புறம் யாருடா ஓடி வருவா?”

அவள் குரல் எப்போதுமே கொஞ்சம் உரக்கத்தான் வரும்.

எலக்ட்ரீஷியன் அவள் பக்கம் திரும்பி, முகம் நன்றாகத் தெரியும்படி நின்று நிதானமாகச் சொன்னார்: “காது கேக்காதவங்களுக்குன்னே ஒரு செட் இருக்குங்க. வீட்ல எந்த அலாரம் அடிச்சாலும் உங்க ரூம்ல லைட்டு பளிச்சு பளிச்சுனு வெட்டும். தலகாணிக்கு அடியில ஒரு தட்டு வைக்கணும், அது உலுக்கி எழுப்பிரும்.”

இரண்டு நாளில் அதைக் கொண்டுவந்தார். மூன்று அலாரத்தையும் தான் சொன்ன இடங்களில் மாட்டிவிட்டு, செட்டோடு வந்த அலாரத்தை மாடியறைக் கூரையில், ஃபேன் காற்று படாத இடமாகப் பார்த்து மாட்டினார். விளக்கைக் கதவுக்கு மேலே மாட்டச் சொன்னான் தம்பி. அக்கா போய் மிஷின் முன்னால் உட்கார்ந்து, தைப்பதுபோலக் குனிந்து காட்டினாள். கதவு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

“முதுகுலயா எனக்குக் கண்ணு?”

மிஷினுக்கு நேர் எதிர்ச் சுவரில் விளக்கு ஏறியது. சோதனைப் பொத்தானை அழுத்தியதும் தட்டு அவள் கையில் துள்ளியது. தம்பியின் கையை இழுத்து அதன்மேல் வைத்தாள்.

“உன்னக் கேட்டுட்டு வாங்கியிருக்கணும்க்கா,” என்றான் அவன்.

ஒரு மாதம் போயிருக்கும். இரண்டு ஷிப்ட் தொடர்ந்து ஓட்டிவிட்டு மத்தியானம் வந்தவன், அடுப்பில் பாலை வைத்துவிட்டு சோபாவில் சாய்ந்தான். மாடியில் விளக்கு வெட்டியது. தைத்துக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டு அக்கா இறங்கி ஓடினாள். சமையல்கட்டு முழுக்கப் புகை. பாத்திரம் அடிகருகி நாறியது. சமையல்கட்டு வாசலுக்கு மேலே அலாரம் அலறிக்கொண்டிருக்க, தம்பி வாயைப் பிளந்துகொண்டு அடித்துப் போட்டாற்போல் கிடந்தான். அடுப்பை அணைத்தாள், ஜன்னலைத் திறந்தாள், அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வாசற்படிக்குக் கொண்டுவந்தாள்.

இருமி முடிப்பதற்குள் அவனுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

“இந்தக் கத்து கத்தியிருக்கு, எனக்குக் கேக்கவே இல்லையேக்கா!”

“எனக்கும்தான்டா,” என்று சொல்லி, அக்கா சிரிக்க ஆரம்பித்தாள்.