திருடன் வந்த வழி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணன் வந்து இறங்கியபோது கையில் ஓர் அட்டைப்பெட்டியும் கக்கத்தில் சுருட்டிய காகிதமும் இருந்தன. பின்னாலேயே அண்ணி. அண்ணிக்குப் பின்னால், ஏணியைத் தோளில் சாய்த்தபடி கேமரா மாட்டுகிறவர். ஒற்றை ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு இது படையெடுப்பு இல்லாமல் வேறென்ன?

தெருவில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை, பதினேழு வருஷமாக. கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. ‘பாப்பா’வுக்கு எவ்வளவோ மேல். நாற்பத்தொரு வயதாகி முன்நெற்றியில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான்.

பத்து நாள் முன்பு, அவள் பகல் ஷிப்டில் இருந்த நேரம் பார்த்து வீட்டில் திருடன் புகுந்துவிட்டான். பின்பக்கச் சந்தில் கழிவுநீர்க் குழாயைப் பிடித்துச் சுவரேறி, துணி துவைக்கிற இடத்தில் குதித்து, சமையலறைப் பின்கதவின் தாழ்ப்பாளை நெம்பி உள்ளே வந்திருக்கிறான். மடிக்கணினி, இரண்டு வளையல், அதோடு வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத குக்கர். வளையல் போனதைவிடக் குக்கர் போனதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். ஒரு தரம்கூட விசில் அடிக்கவில்லை அது.

அன்றைக்கே அண்ணன் ஓடி வந்தார். நான்கு ராத்திரி ஹாலில் பாய் விரித்துப் படுத்தார். அவர் அப்படித்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாண வாழ்க்கை போதும் என்று ஒரு பெட்டியோடு அவள் வெளியே வந்தபோது சொந்தபந்தம் அத்தனையும் கதவைச் சாத்திக்கொண்டது. திறந்தவர் அண்ணன் ஒருத்தர்தான். வழக்கு முடிகிறவரை விடுப்புப் போட்டுக் கோர்ட்டுக்குக் கூடவே வந்தார். அந்த நன்றியை அவள் இன்றுவரை தலையிலிருந்து இறக்கி வைத்ததில்லை. அதனால்தான், “கேமரா போட்டுடலாம் பாப்பா, இடமெல்லாம் நானே குறிச்சுக் கொண்டு வரேன்” என்று அவர் சொன்னபோது யோசிக்காமல் தலையாட்டிவிட்டாள். இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்பது தெரியாதவளா? தெரியும். அண்ணன் விஷயத்தில் அது ஞாபகத்துக்கு வராது, அவ்வளவுதான்.

சாப்பாட்டு மேசைமேல் காகிதம் விரிந்தது. கட்டம் போட்ட தாள், மூன்று நிறப் பேனா, ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள். அண்ணன் ஒரு பெரிய கிடங்கில் மேலாளர். அங்கே பதினாறு கேமரா, அவர் மேசைத் திரையில் பதினாறு கட்டம். எந்தத் தொழிலாளி எத்தனை நிமிஷம் தண்ணீர் குடித்தான் என்பது வரை சொல்லுவார். அந்தக் கெட்டிக்காரத்தனம் முழுவதையும் இந்தத் தாளில் இறக்கியிருந்தார்.

“கேமரா நாலு, சென்சார் ரெண்டு,” என்று பேனா முனையால் தட்டினார். “ஒண்ணு வாசக்கதவுக்கு மேல, உள்பக்கம் பாத்து. ரெண்டாவது ஹால் மூலையில. மூணாவது சமையலறை. நாலாவது இந்த நடையில, படுக்கையறைக் கதவு தெரியிற மாதிரி. சென்சார் வாசல்ல ஒண்ணு, நடையில ஒண்ணு. எது அசைஞ்சாலும் என் போன்ல டிங்குனு வந்துடும்.”

“எல்லாமே உள்ள பாத்தா சார்?” என்று கேமராக்காரர் கேட்டார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருக்கிற, ஐம்பதைத் தாண்டிய மனுஷர்.

“ஆமா. எங்க கிடங்குல அப்படித்தான்.”

எக்ஸ்ரேவுக்கு வேறொன்று உறைத்தது. “உங்க போன்லயா அண்ணா?”

“பின்ன? நீ பாட்டுக்கு ஆஸ்பத்திரியில அந்த இருட்டு ரூம்ல இருப்ப. நான் பாத்துச் சொல்றேன். நீ எத்தன மணிக்கு வந்த, கதவச் சாத்துனியா, யாரு வந்தா, யாரு போனா, எல்லாம் எனக்குத் தெரிஞ்சா உனக்குத்தான பாதுகாப்பு?”

இந்த வீடு அவளுடையது. ஷிப்டு முடிந்து வந்ததும் பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு, நாள் பூராவும் உடம்பில் ஒட்டிய உடுப்பை நடையிலேயே உருவிப் போட்டுக்கொண்டு போவாள். அடுப்படியில் நின்றபடியே சட்டியிலிருந்து வழித்துத் தின்பாள். டிவியோடு சண்டை பிடிப்பாள். சுருதி சேராமல் உரக்கப் பாடுவாள். சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிக்காரர் வருவார். டீ குடிப்பார். சில நாள் சாப்பிட்டுவிட்டுப் போவார், சில நாள் போகமாட்டார். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அண்ணனிடம் ஒப்பிக்கவும் ஒன்றுமில்லை.

பதினேழு வருஷமாக ஊரார் எலும்பையெல்லாம் பார்க்கிறவள் அவள். ஒருத்தரையும் சொல்லாமல் பார்த்ததில்லை. ‘செயினைக் கழட்டுங்க, மூச்சை அடக்குங்க’ என்பாள். எடுத்த கையோடு ‘மூச்சு விடுங்க’ என்பாள். அண்ணன் கொண்டுவந்த தாளில் மூச்சு விடுகிற இடம் என்று ஒரு கட்டம்கூட இல்லை.

ஆனாலும் எட்டு வருஷத்து நன்றி தொண்டையில் நின்றது.

கேமராக்காரர் சமையலறையில் ஏணியை விரித்து ஏறினார். துளை போடுவதற்கு முன்பு கேமராவைக் கையில் பிடித்து, படம் எப்படி விழுகிறது என்று போனில் பார்ப்பது அவர் வழக்கம். “யாராச்சும் ஒருத்தர் உள்ள நடங்க. எந்த மூலை விடுபடுதுன்னு பாக்கணும்.”

அண்ணி போனார். சமையலறைக் கதவருகே தெரிந்தவர், அடுத்த நிமிஷம் படத்தில் இல்லை.

“அக்கா, எங்க போயிட்டீங்க?”

“இங்கதான் நிக்கிறேன்.” ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“அட, அந்த எடம் மறையுதுன்னு எனக்கே இப்பதான் தெரியுது. நீங்க நேரா அங்க போய் நிக்கிறீங்க?” கேமராக்காரர் சிரித்துக்கொண்டே இறங்கி, நீளமான திருகாணி எடுக்க ஹாலுக்குப் போனார்.

எக்ஸ்ரே மட்டும் சிரிக்கவில்லை. “அண்ணி?”

அண்ணி ஹால் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பழக்கம். எங்க வீட்டு அடுப்படியில மூணு வருஷமா ஒரு கேமரா இருக்கே. அங்கயும் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துலதான் ரெண்டடி மறைவு. அழணும்னாலும் அங்கதான், எங்க அம்மாகூடப் போன் பேசணும்னாலும் அங்கதான்.”

“கேஸ் கசிஞ்சா தெரியணும்னு வெச்சதா அண்ணன் சொன்னாரே!”

“கேஸ் கசியிறத கேமரா எப்படிம்மா பாக்கும்?”

எக்ஸ்ரேவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மூன்று வருஷமாக அந்த அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாள். அண்ணாந்து கேமராவைப் பார்த்து, ‘நல்லதுதான்’ என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குப் பின்னாலேயே கோபம் வந்தது, நல்ல சுத்தமான கோபம். தொண்டையில் நின்றது கீழே இறங்கிவிட்டது.

நேரே ஹாலுக்குப் போய் மேசைமேல் கிடந்த தாளை எடுத்தாள். “அண்ணா, திருடன் எந்த வழியா வந்தான்?”

“பின்பக்கமா. ஊருக்கே தெரியுமே.”

“இதுல பின்பக்கம் எங்க இருக்கு?”

அண்ணன் தாளை வாங்கினார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். சமையலறைச் சுவரோடு அவர் கோடு முடிந்துவிட்டது. அந்தப் பக்கம் துவைக்கிற இடமும் இல்லை, சுவரும் இல்லை, சந்தும் இல்லை. நெம்பி உடைத்த கதவைப் போன வாரம் தன் கையால் ஆணியடித்துச் சரிசெய்த மனுஷர், ஸ்கேலும் மூன்று நிறப் பேனாவுமாக உட்கார்ந்தபோது அந்தக் கதவையே விட்டுவிட்டிருக்கிறார்.

“நாலு கேமரா,” என்றாள் எக்ஸ்ரே. “திருடன் வந்த வழியில ஒண்ணுகூட இல்ல.”

“அது... கிடங்குல மூணு பக்கமும் மொட்டச் சுவரு. அங்க வெளியாள் வந்து திருட மாட்டான் பாப்பா. எப்பவும் உள்ள இருக்கிறவங்கதான்...” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“இந்த வீட்டுல உள்ள இருக்கிறது நான் ஒருத்திதான்.”

கேமராக்காரர் திருகாணி டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டார். இந்த மாதிரி சமயத்தில் எதையாவது தேடிக்கொண்டிருப்பது அவர் தொழிலில் கற்றுக்கொண்ட பாடம்.

“எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துன கதையா இருக்கு அண்ணா. குக்கர் போச்சு, வளையல் போச்சு, சரி. வீடும் போகணுமா? உள்ள ஒரு கேமராவும் வேணாம். எல்லாம் வெளியில. போன் என்னோடது.”

அண்ணன் முகம் சிவந்தது. “அன்னிக்கு நீ பெட்டியத் தூக்கிட்டு வந்தப்ப ஒருத்தன் வரல. நான்தான் வந்தேன்.”

எதிர்பார்த்ததுதான். ஆனாலும் அடி சரியான இடத்தில் விழுந்தது. அவளுக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவும் இல்லை.

“வந்தீங்க. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். உங்களுக்கு ரத்தம் வேணும்னாலும் குடுப்பேன், கிட்னி வேணும்னாலும் குடுப்பேன். ஆனா என் வீட்டுக்குள்ள நான் எப்படி நடக்கிறேன், எப்படிப் படுக்கிறேன்னு பாக்குறத அதுக்குப் பதிலாத் தர முடியாது. அது குடுக்குற பொருளே இல்ல.”

“அப்ப நாளைக்கு எதாவது ஒண்ணுன்னா என்னக் கூப்பிடாத.”

ஒரு நிமிஷம் அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. அண்ணன் இல்லாத உலகத்தில் அவளுக்கென்று யார்? அந்தப் பயத்தோடுதான் பதில் சொன்னாள். “கூப்பிடுவேன். நீங்களும் வருவீங்க. வரும்போது வாசல்ல மணி அடிச்சுட்டு வாங்க.”

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். எழுந்து போய்விடவில்லை. அதுவே பெரிது என்று நினைத்தாள் எக்ஸ்ரே.

வேலை பின்பக்கத்துக்கு மாறியது. கேமராக்காரருக்கு இப்போதுதான் உற்சாகம் வந்தது. பின்சுவருக்கு மேலே, குழாய் முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு கேமரா. பக்கவாட்டுச் சந்துக்கு ஒன்று. வாசல் கேட்டைப் பார்த்து, வெளியே, ஒன்று. சென்சாருக்கு இடம் பார்ப்பதில்தான் நேரம் பிடித்தது. “நேரா வர்ற ஆளவிட குறுக்க போற ஆளத்தான் இது சட்டுனு பிடிக்கும் மேடம். வெயில் நேரா விழுந்தா சும்மாச் சும்மா கத்தும்,” என்று சொல்லி, குழாய்க்கு நேர் எதிரே வைக்காமல் பக்கச் சுவரில் ஏழடி உயரத்தில் மாட்டினார். “இப்ப யாராச்சும் நடந்து காட்டணும்.”

“திருடன் நடந்தா வந்தான்?” என்றாள் எக்ஸ்ரே.

துப்பட்டாவை இடுப்பில் சுற்றி, போனை அதில் செருகி முடிச்சுப் போட்டாள். முன்வாசல் வழியாகப் போய்ச் சந்துக்குள் நுழைந்தாள். குழாயைப் பிடித்தாள். முதல் தடவை வழுக்கியது. முழங்கை சிராய்த்தது. பக்கத்துக் கட்டிடத்து மாடியிலிருந்து ஓர் அம்மாள், “எக்ஸ்ரே, என்னம்மா இது கூத்து?” என்று கூவினார். “திருடன் வேலை பாக்குறேன்!” என்று பதிலுக்குக் கூவிவிட்டு மறுபடி ஏறினாள். சுவர்மேல் கால் போட்டு உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, துவைக்கிற கல்மேல் பொத்தென்று குதித்தாள்.

சென்சாரில் சிவப்பு விளக்கு மின்னியது. அவள் இடுப்பிலிருந்த போன் டிங் என்றது.

அவள் போன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அண்ணியும் சிரித்தார். வாயைப் பொத்திக்கொள்ளாமல், வெட்டவெளியில் நின்று சிரித்தார். அண்ணி சிரித்தால் இவ்வளவு சத்தம் வரும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எல்லாம் முடிந்து சாமான்களை ஒதுக்கும்போது ஒரு கேமராவும் ஒரு சென்சாரும் மிஞ்சியிருந்தன. அண்ணன் கேமராவைக் கையில் எடுத்துத் தூசி தட்டினார். “இதை வீணாக்குவானேன்? நம்ம வீட்டு ஹால்ல மாட்டிடலாம்,” என்றார், யாரைப் பார்த்தும் இல்லாமல்.

அண்ணி கேமராக்காரர் பக்கம் திரும்பினார். “மாட்டுறதுக்கு மட்டும்தான் வருவீங்களா, கழட்டுறதுக்கும் வருவீங்களா?”

“கழட்டுறது என்னக்கா, பத்து நிமிஷ வேல.”

“எங்க வீட்டு அடுப்படியில ஒண்ணு இருக்கு. அதைக் கழட்டணும்.”

அண்ணன் எழுந்துவிட்டார். “யாரக் கேட்டு?”

“மூணு வருஷத்துக்கு முன்னாடி மாட்டுனப்ப நீங்க யாரக் கேட்டீங்க?” என்றார் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. உயர்த்த வேண்டிய அவசியம் இருப்பதாக அவருக்குத் தோன்றவும் இல்லை.

அண்ணன் தங்கையைப் பார்த்தார். எக்ஸ்ரே கண்ணை விலக்கிக்கொள்ளவில்லை. அவர் கையிலிருந்த கேமராவைப் பெட்டியில் வைத்தார்.

கேமராக்காரர் நெற்றிக் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு ஒரு சின்ன நோட்டை எடுத்தார். அண்ணனைக் கேட்கவில்லை. “நாளைக்குக் காலையில வரட்டாக்கா? விலாசம் சொல்லுங்க.”

“நாளைக்கு எதுக்கு? ஏணி இங்கதான இருக்கு,” என்று சொல்லிவிட்டு, அண்ணி குனிந்து அதன் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டார்.