திரும்பிய யானை, திரும்பக் கூடாத சங்கு

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை பென்ஷன் வரிசையில் பொழுதுபோகாமல் பிறந்தது. முதல் தடவை சொன்னபோது யானை தீப்பெட்டி அளவு இருந்தது. நாலாம் தடவை அதற்குத் தனியாகப் பாகன் வைக்க வேண்டியதாயிற்று. எழுதும்போதாவது சிறிதாக்கலாம் என்று பார்க்கிறேன், யானை சம்மதிக்கவில்லை.

2.

"1969இல், பாங்கோட்டு முகாமின் மேல் மகத்தான சூரியன்..." வேண்டாம். அன்று மழை.

நான் அங்கே, பத்மநாபசாமி ஊர் முகாமில், ஸ்டோர் குமாஸ்தா. பட்டாளத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சின்னத்தைச் சொல்கிறேன்: ஒரு காலைத் தூக்கிய யானை, துதிக்கையில் வலம்புரிச் சங்கு. கால், படை நகர்கிறது என்பதற்கு. சங்கு, வருகிறோம் என்று எதிரிக்கே சொல்லிவிட்டுப் போகிற மரியாதைக்கு. இரண்டங்குலத் துணியில் இவ்வளவையும் அடைத்த மகானுக்குத் தினமும் ஒரு கும்பிடு போடுகிறேன்.

சட்டையின் இரண்டு கையிலும் யானை முன்பக்கம் பார்த்து நடக்க வேண்டும். முதுகுப் பக்கம் திரும்பினால் களத்தைவிட்டு ஓடுகிறது என்று பொருள்.

3.

ராகேல் வருகிறாள். மார்த்தாண்டத்துக்காரி, சாலைக் கடைத்தெருவில் எம்பிராய்டரி மெஷின் போட்டிருந்தவள். முதல் பட்டாள ஆர்டர், இருநூறு ஜோடி. தேறினால் பட்டாளத்தின் கொடி தைக்கும் வேலையும் அவளுக்கு. தேறாவிட்டால் பழையபடி பாவாடைக்கு ஓரம் அடிக்க வேண்டியதுதான்.

(அவளை அழவைத்து எழுதிப் பார்த்தேன். கதையைவிட்டு எழுந்து போய்விட்டாள்.)

வலக்கைக்கு, வரைந்த தாளைத் திருப்பிப் போட்டுத் தைத்தாள். யானை அழகாகத் திரும்பியது. அணிவகுப்புக்கு மூன்று நாள் இருக்கையில் ஹவில்தார் நெல்லையப்பன் வலக்கைச் சின்னம் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"எம்மா, யானை சரியாத்தான் நடக்கு. சங்கு எடம்புரியால்லா ஆயிட்டு! பப்பநாபசாமி ஊர்ல இத மாட்டிக்கிட்டு நிக்கச் சொல்லுதியா?"

"ஒத்தத் தாளுதானே அண்ணே தந்திய? யானை திரும்பணும், சங்கு திரும்பப்பிடாதுன்னு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. தாளைக் கொடுத்தது நான். (இந்த வாக்கியத்தை இதற்குமுன் சொன்ன நாலு தடவையும் விழுங்கிவிட்டேன்.)

"இப்ப என்ன செய்யப் போற?" என்றார் ஹவில்தார்.

"யானையத் தொடண்டாம். சங்க மட்டும் பிரிச்சுப் போடுகேன். நீங்க ரெண்டுபேரும் எனக்க வெளிச்சத்த மறைக்காம நின்னாப் போதும்."

இருநூறு சங்கு. (எண்ணூறு என்று எழுதினேன், அடித்துவிட்டேன், மனசு கேட்கவில்லை.) துதிக்கையில் ஒரு நூல் அசையாமல் சங்கை மட்டும் பிரித்து, வலம்புரியாக மறுபடி போட்டாள். பீரங்கியால்கூட முடியாத காரியம் அது.

4.

அணிவகுப்பு. கர்னல் ஒவ்வொரு ஆளாகப் பார்வையிட வேண்டும். கம்பி வேலிக்கு வெளியே ராகேல், உள்ளே நான்.

"சாரே, ரண்டாம் வரிசை, அஞ்சாமத்த ஆளு. அது எனக்க பழைய சங்காக்கும்!"

சிப்பாய் ஞானையன், ஆசை தாங்காமல், சரக்கு வந்த அன்றே, சங்கைத் திருத்துமுன் ஒரு ஜோடி வாங்கித் தைத்துக்கொண்டவன். (இருநூறு என்றேனே, ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.)

முடிவுகள்:

அ) கர்னல் தும்மிவிட்டுக் கடந்து போகிறார். மலிவு.

ஆ) ஞானையன் சல்யூட் அடிக்க, சங்கு மடிப்பில் மறைந்து, அந்தக் கணத்தில்... இல்லை, இதை நானே நம்பமாட்டேன்.

இ) கர்னல் வேடத்துக்கு ஆளே அகப்படவில்லை. நீங்கள் வாருங்கள். தொப்பி சற்றுப் பெரிது, பரவாயில்லை. முதல் வரிசை முடிந்தது. இரண்டாம் வரிசை. நாலாவது ஆள். ஐந்தாவது. நின்றுவிட்டீர்கள். உங்கள் விரல் ஞானையனின் வலக்கைச் சங்கின்மேல் இருக்கிறது.

வேலிக்கு வெளியே ஒருத்தி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். சீக்கிரம் வாயைத் திறங்கள், சார்.