பலாலிக்குப் போய்த் திரும்பிய மாப்பிள்ளை

என்னைக் கட்ட வந்த பிரசாந்தன் எங்களிடம் நாலு தரம் விடைபெற்று நாலு தரமும் திரும்பி வந்தான். அந்த நாட்களில் நான் அவர் என்றுதான் சொன்னேன். இப்போது வாய் வருகுதில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு அது. சண்டையால், தெற்கே போகிற ஏ-9 பாதை பூட்டிக் கிடந்தது. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வேண்டுமென்றால் திருகோணமலைக்குப் போகிற கப்பல், இல்லாவிட்டால் பலாலியிலிருந்து கொழும்புக்குப் பிளேன். இரண்டுக்கும் பாதுகாப்பு அனுமதி வேண்டும். நான் தீவுப்பகுதியில், ஊர்காவற்றுறையில் ஒரு பிளேன் ரிக்கற் ஒவ்வீசில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒவ்வீஸ் என்றதும் பெரிதாக நினைக்கக்கூடாது. பலசரக்குக் கடையோடு ஒட்டின ஓர் அறை. ஒரு மேசை, நாலு கதிரை, ஒரு போன், சுவரில் பிளேனின் படம். படத்தில் இருந்த பிளேன் உண்மையான பிளேனை விட இரண்டு மடங்கு பெரியது.

மனேச்சர் செல்வரத்தினம். சனத்துக்கு நல்ல செய்தி இருந்தால் தானே படியில் நின்று சொல்லுவார். பிளேன் நின்றுபோன செய்தி வந்தால் என்னைச் சொல்லச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். ஆகையால் தீவுப்பகுதிச் சனம் அவரை நல்ல மனிசன் என்றும் என்னை முகராசி இல்லாதவள் என்றும் நம்பியது.

கிழமைக்கு இரண்டு பிளேன். ஒவ்வொன்றிலும் தீவுப்பகுதிக்கு ஆறு இருக்கை. காலை ஆறு மணிக்கு ஆட்கள் வந்து கூடுவார்கள். நான் லிஸ்ற்றை வாசிப்பேன். பேர் வந்தவர்கள் வான் வண்டியில் யாழ்ப்பாணம் போய், அங்கே பைகளைக் கொட்டிச் சோதிக்கக் கொடுத்து, யன்னல் மூடின பஸ்ஸில் பலாலிக்குப் போவார்கள். பிளேன் வந்தால் ஏறுவார்கள். வராவிட்டால் அதே பஸ், அதே வான், அதே பைகள். ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். இயந்திரக் கோளாறு என்பார்கள், ஓடுபாதை ஆமிக்கு வேண்டுமாம் என்பார்கள், அதிகமான நாட்களில் ஒன்றுமே சொல்லமாட்டார்கள்.

பிரசாந்தன் ரொறன்ரோவிலிருந்து வந்தவன். தகப்பன் கதிர்காமுவுக்கு ஒரு காலத்தில் மாத்தறையில் கடை இருந்தது. எங்களைப் போலப் புங்குடுதீவுக் குடும்பம். பிள்ளையின் கலியாணத்தை ஊர்க் கோயிலில்தான் வைப்பேன் என்று தாய் நேர்த்தி வைத்திருந்தாவாம். நேர்த்தி வைத்தவ ரொறன்ரோவிலேயே இருந்துகொண்டா. மகன் தனியே வந்து எங்கள் வீட்டில் தங்கினான். கலியாணம் ஆனி இருபத்தேழு.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் மூன்று நாளும் எனக்கு அவனைப் பிடித்திருந்தது. குறிகட்டுவான் பக்கம் நடந்து போனோம். நயினாதீவுக்குப் போகிற வள்ளத்தைப் பார்த்துக்கொண்டு தன் வேலை, தன் குளிர், தன் கார் எல்லாவற்றையும் சொன்னான். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். இருபத்தொன்பது வயதில் அதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

நாலாம் நாள் பின்னேரம் கடற்பக்கம் அரை மணித்தியாலம் வெடிச்சத்தம் கேட்டது. அம்மா மா அரித்துக்கொண்டிருந்தா. நிறுத்தவில்லை. பிரசாந்தன் கட்டிலுக்குக் கீழே போனான். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, பழக்கமில்லாத ஆள். ஆனால் வெளியே வந்ததும், முழங்காலில் இருந்த தூசியைத் தட்டிக்கொண்டு, கலியாணத்தைக் கொழும்பில் வைப்போம் என்றான். எனக்கு அனுமதி கிடைக்க இரண்டு மாதமாவது செல்லும் என்றேன். சரி, அப்போ தான் முன்னுக்குப் போய் அங்கே நிற்கிறேன் என்றான். அவனுக்கு வெளிநாட்டுப் பாஸ்போட், அனுமதி கையில் இருந்தது. இருக்கைதான் வேண்டும்.

முதற்தரம் வெளிக்கிட்டபோது அம்மா அழுதா. அவன் தன்னுடைய மின்சாரச் சவர மெசினை அப்பாவுக்குக் கொடுத்து, ஞாபகமாய் வைத்திருங்கோ மாமா என்றான். அன்று பிளேன் வரவில்லை. பின்னேரம் ஐந்து மணிக்குத் திரும்பி வந்தவன் கால் கழுவ முதல் அந்த மெசினைக் கேட்டு வாங்கினான். இரண்டாந்தரம் அப்பா படலை வரைக்கும் போனார். மூன்றாந்தரம் அம்மா குசினிக்குள் இருந்தபடியே போயிற்று வாங்கோ தம்பி என்றா. மூன்று தரமும் பிளேன் நின்றது. மூன்றாந்தரத்துக்குப் பிறகு அவன் எனக்கு முன்னால் அதை “உங்கட பிளேன்” என்று சொல்லத் தொடங்கினான். ஏதோ நான் அதை வளவுக்குள் கட்டி வைத்துக்கொண்டு அவிழ்த்துவிட மறுக்கிறவள் மாதிரி.

சுருவிலிலிருந்து பிலோமினம்மா வந்தது அந்தக் கிழமைதான். மகன் யாகப்பு கடற்தொழிலாளி. சைக்கிளின் பின்னால் தாயை இருத்தி உழக்கிக்கொண்டு வந்திருந்தான். அவவுக்கு வலது கண்ணின் உள்ளே சவ்வு கழன்றுவிட்டது. உடனே கொழும்புக் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் கண்ணுக்கு ஆபத்து என்று யாழ்ப்பாண டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அனுமதியும் எடுத்துக் கொடுத்திருந்தார். நோயாளருக்குத்தான் முதலிடம் என்பது ஒவ்வீசின் முறை. நான் பிலோமினம்மாவின் பெயரை முதலாவதாக எழுதினேன். பிளேன் நின்றால் அதில் இருந்தவர்கள் மறுபடி வரிசையில் சேர வேண்டும்; அந்த முறைப்படி பிரசாந்தன் ஒன்பதாவது. லிஸ்ற்றைச் செல்வரத்தினத்திடம் கொடுத்தேன். அவர் அதை யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப, அடுத்த நாள் காலை முத்திரை குத்தித் திரும்பி வரும்.

வியாழக்கிழமை காலை படியில் நின்று வாசித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது பெயர் கதிர்காமு பிரசாந்தன். அதற்குக் கீழே, இடம் மிஞ்சினால் என்ற பகுதியில், பிலோமினம்மா.

செல்வரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் போனைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்கு முதல் நாள் பின்னேரம் பிரசாந்தன் அவருடைய வீட்டுக்குப் போய், உங்கட மகனைக் கனடாவுக்கு எடுப்பிக்கிற வழி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த ஒரு வார்த்தைக்கு மனிசன் ஒரு கண்ணைக் கொடுத்திருக்கிறார். அதுவும் தன்னுடைய கண்ணை இல்லை.

நான் லிஸ்ற்றை வாசித்து முடித்தேன். அது என்னுடைய பிழை. அந்த இடத்திலேயே தாளை மடித்து வைத்திருக்கலாம்.

பிலோமினம்மா தன் பெயர் வந்ததோ என்று மகனைக் கேட்டா. இல்லையம்மா என்றான் யாகப்பு. சத்தம் போடவில்லை. சைக்கிளைத் திருப்பத் தொடங்கினான். அவர்களை நிற்கச் சொல்லிவிட்டு நான் வானடிக்குப் போனேன். பிரசாந்தன் முன் சீற்றில் ஏறி இருந்தான். அந்த மனிசியைக் காட்டி, கண்ணின் நிலைமையைச் சொல்லி, இறங்கி இடத்தைக் கொடுங்கோ என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

“அவைக்கு இது பழக்கம்தானே நிலாந்தி” என்றான். “வாறகிழமை போகட்டும். எனக்கு லீவு முடியப்போகுது.”

அதுவரைக்கும் நான் அவனை நீங்கள் என்றுதான் சொல்லி வந்தேன்.

“அப்ப நீர் போம்” என்றேன். “ஆனா இனிக் கலியாணக் கதை வேண்டாம்.”

“ஆரைப் பாத்து நீர் எண்டுறீர்?”

“உம்மைத்தான்.”

வானுக்குள் இருந்த மற்ற ஐந்து பேரும் தங்கள் தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வான் வெளிக்கிட்டது.

நான் உள்ளே போய்ச் செல்வரத்தினத்துக்கு முன்னால் இருந்தேன். டொக்டரின் கடிதம் இருக்க யாருடைய பெயர் எப்படி மேலே வந்தது என்று அந்த டொக்டருக்கும், சுருவில் பங்குச் சுவாமிக்கும், யாழ்ப்பாண ஒவ்வீசுக்கும் நானே போய்ச் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு, தனக்கு நெருக்குவாரம் என்றார். பிறகு, நீரும் அந்த வீட்டு ஆள்தானே, மாப்பிள்ளை போய்ச் சேர்ந்தால் உமக்கும் நல்லதுதானே என்றார். தன்னைப் போலவேதான் மற்றவர்களும் இருப்பார்கள் என்று அந்த மனிசன் உண்மையாகவே நம்பியிருந்தார். நான் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பிளேனுக்குப் பிலோமினம்மா முதலாவது என்று தன் கையால் எழுதிக் கையொப்பமிட்டார். அவ்வளவு பெரிய குற்றத்தைச் செய்தவருக்கு மாட்டேன் என்று சொல்கிற துணிவுகூட இல்லை.

பின்னேரம் மூன்று மணிக்குப் போன் அடித்தது. அன்றைய பிளேனும் நின்றுவிட்டது. செல்வரத்தினம் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

ஒரு பிளேன் நின்றால் அடுத்ததற்குப் புது லிஸ்ற். அதை நானே பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய், முத்திரை குத்தும் வரைக்கும் பக்கத்தில் நின்று வாங்கி வந்தேன். ஞாயிறு பிளேன் வந்தது. பிலோமினம்மாவும் துணைக்குப் போன ஒரு மருமகளும் ஏறினார்கள். பிரசாந்தன் தனக்குரிய ஒன்பதாவது இடத்துக்கு வந்து சேர்ந்தான்.

அதோடு கதை முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை. கலியாணம் இல்லை என்று நான் சொல்லிவிட்ட ஆள் வேறு எங்கே போவான்? தீவிலே விடுதி இல்லை. யாழ்ப்பாணத்தில் தனியே நிற்க அவனுக்குப் பயம். பிளேன் பல நாள் வராது, வந்தாலும் நோயாளர் முன்னுக்குப் போய்விடுவார்கள், கப்பலுக்கு இடமில்லை. பதினேழு நாள் அவன் எங்கள் வீட்டிலேயே இருந்து சாப்பிட்டான்.

அப்பா கனகசபை முதலில் என்னோடுதான் கோபித்தார். கட்டப்போகிறவரை நீர் என்று சொன்ன கதை வானுக்கு முன்னே ஊருக்கு வந்துவிட்டது. போய் மன்னிப்புக் கேள் என்றார். மாட்டேன் என்றேன். அம்மா அவனுக்குச் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டா. வெறுத்துப்போன ஒருவனுக்குக் கொதித்தாறின தண்ணி எடுத்துக் கொடுப்பது எப்படியென்று அந்தப் பதினேழு நாளில் படித்தேன். முகத்தைப் பார்க்காமல், செம்பைப் பார்த்தபடி கொடுக்க வேண்டும்.

அவன் என்னோடு கதைப்பதில்லை. ஆனால் லிஸ்ற்றில் தான் எத்தனையாவது என்பது ஒவ்வொரு நாளும் அவனுக்குத் தெரிய வேண்டும். நான் மூன்று முழத் தூரத்தில் இருக்க, மாமா, நம்பர் எத்தினை எண்டு கேளுங்கோ என்பான். அப்பா என் பக்கம் திரும்பி, நம்பர் எத்தினை என்பார். எட்டு என்பேன். எட்டாம் என்று அப்பா அவனுக்குச் சொல்லுவார். ஐந்தாறு நாள் இப்படிப் போனது. அப்பாவின் குரலில் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று குறைந்துகொண்டு வந்தது.

ஆனி இருபத்தேழு வந்தது. எங்கள் கலியாண நாள். அவன் சாய்மனைக் கதிரையில் கிடந்து பழைய பேப்பர் வாசித்தான். அம்மா முருங்கைக்காய்க் கறி வைத்தா. இரண்டாந்தரம் கறி கேட்டு வாங்கினான்.

அதற்கு அடுத்த நாள்தான் அவன் அப்பாவிடம் ஓர் உதவி கேட்டான். அப்பாவுக்குத் தெரிந்த டொக்டர் ஒருவரிடம், தனக்கு நெஞ்சு வருத்தம் என்று ஒரு கடிதம் எடுத்துத் தர ஏலுமோ என்று. கடிதம் இருந்தால் நோயாளர் வரிசையில் மேலே போகலாமாம். அப்பா குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

“உமக்கு நெஞ்சிலை ஒண்டும் இல்லைத் தம்பி” என்றார்.

அவனுக்கு அது விளங்கவில்லை. இல்லைத்தான் மாமா, ஆனால் கடிதத்துக்குத்தானே என்றான். அம்மா குசினிக்குள் போனா. அங்கே அவ சிரித்தாவா அழுதாவா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா என்னிடம் மன்னிப்பைப் பற்றி எதுவும் கதைக்கவில்லை.

கடைசியில் அவனுடைய முறை வந்தது. மற்ற எல்லாருடைய பெயரையும் வாசிக்கிற மாதிரி அவனுடையதையும் வாசித்தேன். கையைத் தூக்கினான். அன்று பிளேன் சொன்ன நேரத்துக்கு வந்து சொன்ன நேரத்துக்குப் போனது.

ஆவணியில் ஒவ்வீசுக்குப் போன் எடுத்தான். நடந்ததை எல்லாம் தான் மறந்துவிட்டானாம். சண்டைக்குள் இருக்கிற ஆட்களுக்கு மனம் இறுகிவிடும் என்று அங்கே ஒருவர் சொன்னாராம். ஆகையால் என்னை மன்னித்துவிட்டானாம். தாய்க்கு இன்னும் விருப்பமாம். எனக்கு முன்னால் மூன்று பேர் ரிக்கற்றுக்கு நின்றார்கள். பிரயாணம் சம்பந்தமாய் ஏதும் இருந்தால் சொல்லும், இல்லாவிட்டால் வைக்கிறேன் என்றேன். வைத்தேன். பக்கத்தில் நின்ற செல்வரத்தினம், மகனுடைய விசயம் ஏதும் சொன்னவரோ என்று கேட்டார்.

பிலோமினம்மா ஐப்பசியில் கப்பலில் திரும்பி வந்தா. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தா. வலது கண்ணுக்கு வெளிச்சமும் ஆட்களின் உருவமும் தெரியும், முகம் தெரியாது. இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் முழுக்கப் பார்வை வந்திருக்கும் என்று கொழும்பில் சொன்னார்களாம். என்னுடைய கலியாணம் நின்ற கதையை யாரோ அவவுக்குச் சொல்லியிருந்தார்கள். தன்னாலேதான் நின்றது என்று நினைத்துக்கொண்டு, அந்தப் படியில் நின்று, என்னிடம் மன்னிப்புக் கேட்டா. எல்லாவற்றையும் பொறுத்த எனக்கு அதைப் பொறுக்க ஏலாமல் போனது. கதிரையைக் கொண்டுவந்து அவவை இருத்தி, உங்களாலை இல்லையம்மா, உங்களாலைதான் நான் தப்பினனான் என்றேன். அவ நம்பினாவோ தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல இடமாய் அமைய மன்றாடுகிறேன் பிள்ளை என்றா.

அடுத்த சனிக்கிழமை யாகப்பு பனையோலைப் பறி நிறைய நண்டு கொண்டுவந்து என் மேசையடியில் வைத்துவிட்டுப் போனான். செல்வரத்தினம் குனிந்து பார்த்து, நல்ல பெரிய நண்டு, பாதிப் பாதி எடுப்போமா என்று கேட்டார். நான் பறியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.