வளையாத குழாய்

“அப்பா, அசையாமப் பிடிங்க,” என்றாள் ஆஷ்லின்.

ஞானசேகர் காருக்குள் குனிந்து குழாயின் அடித்தகட்டை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டார். அவள் கடைசி போல்ட்டை முறுக்கினாள்.

பழைய மாருதி இன்ஜினை வைத்து மரிய ஜெரால்டு பள்ளத்தூர் வீட்டு முற்றத்தில் தானே கட்டிய கார். கூரை கிடையாது. கவிழ்ந்தால் ஆள் நசுங்கிவிடாமல் தாங்க, இருக்கைக்குப் பின்னால் வளைவாக ஒரு குழாய் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் தங்கை ஆஷ்லின்தான். புதுவயலில், அரிசி ஆலைகளுக்கு இயந்திரம் செய்யும் பட்டறையில் அவளுக்கு வேலை. கனமான குழாயாகத் தேடி வாங்கி, வளைத்து, அவளே பற்றவைத்திருந்தாள்.

ஜெரால்டு ஏறி உட்கார்ந்து சாய்ந்தான். தலை குழாயில் இடித்தது. அந்த அதிர்வு ஞானசேகரின் விரல்களில் ஏறியது.

“ஏண்டா, தலைக்கு இம்புட்டுக் கிட்டவா இருக்கு?”

“பின்னால எடம் இல்லப்பா,” என்று தலையைத் தடவியபடி சிரித்தான்.

“லாரியே ஏறுனாலும் வளையாதுப்பா,” என்றாள் ஆஷ்லின்.

“ஹெல்மெட்டாவது போட்டுக்க.”

“தைலமரக் காடு வரைக்கும் போயிட்டு வர்றதுக்கு எதுக்குப்பா?”

அவர் மறுபடியும் சொல்ல வாயெடுத்தார். கார் வாசலைத் தாண்டிவிட்டது.

யூஜினியா காபி கொண்டுவந்து வைத்தாள். கணவர் அதைத் தொடவில்லை. இன்ஜின் சத்தம் தூரத்தில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பிறகு கேட்கவில்லை.

“நிறுத்திட்டான் போல,” என்றாள் யூஜினியா.

ஞானசேகர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

செம்மண் மேட்டுக்குக் கீழே கார் தலைகீழாகக் கிடந்தது. பெல்ட்டில் தொங்கிய மகனின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. உயிரும் இல்லை.

காரைக்குடி மருத்துவமனையில் டாக்டர் அவரை மட்டும் தனியே அழைத்தார். “பின்மண்டையில அடி. நீங்க சொன்ன அந்தக் குழாயிலதான் மோதியிருக்கணும். மத்தபடி உடம்புல ஒண்ணுமே இல்ல சார்.”

மறுநாள் காலை போலீஸ்காரரோடு மேட்டுக்குப் போனார். காரை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். போலீஸ்காரர் குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

“அசையவே இல்ல பாருங்க. என்னமா பத்த வச்சிருக்காக!”

வளைவின் உட்பக்கத்தில் நாலைந்து முடிகள் காய்ந்து ஒட்டியிருந்தன. போலீஸ்காரர் எழுதி முடித்து நகரும்வரை காத்திருந்து, ஞானசேகர் துண்டால் துடைத்தார். துண்டை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். உடல் இன்னும் வரவில்லை. ஆஷ்லின் உள்ளறை ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். நேற்றைய கிரீஸைக் கையிலிருந்து அவள் இன்னும் கழுவவில்லை.

“காரப் பாத்தீகளாப்பா?”

“ம்.”

“பத்த வச்ச எடம் விட்டுருச்சா?”

“இல்லம்மா.”

“குழாய் வளைஞ்சுருச்சா? உண்மையச் சொல்லுங்க.”

“வளையல. நீ வச்சது வச்சபடி நிக்குது.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“அப்புறம் எப்படிப்பா?”

வெளியே ஜெபம் ஒருமுறை நின்று மறுபடி தொடங்கியது.

“வேகம்மா,” என்றார் ஞானசேகர். “விழுந்த வேகம். அம்புட்டுத்தான்.”

நேற்றிலிருந்து அழாமல் இருந்தவள் அவர் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். அவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

நொறுங்கிய காரை ஏற்றிக்கொண்டு வாசலில், ஜன்னலுக்கு நேரே, லாரி வந்து நின்றது. “சார், வண்டிய எங்குட்டு இறக்க?” என்று டிரைவர் குரல் கொடுத்தார்.

ஞானசேகர் மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்து, அவளுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.