பழத்தோட்ட ஏற்றத்தில் ஒரு தட்டல்

எண்பத்தாறாம் வருஷச் சாரலுக்கு முன் பரீது துபாயிலிருந்து கப்பலில் இறக்கிய ஜப்பான் காரை, கடையநல்லூரில் பார்க்காத கண் இல்லை. அதன் எஞ்சினில் கம்பெனியே பொருத்திய ஒரு சின்ன சென்சார் உண்டு. உள்ளே பெட்ரோல் தாறுமாறாக வெடித்து 'டக் டக்' என்று தட்டினால் அது கண்டுபிடித்துவிடும். பாவம், துபாய் பெட்ரோலுக்குப் பிறந்த எஞ்சின். நம்மூர் பெட்ரோலைக் குடித்ததிலிருந்து ஏற்றம் கண்டாலே தட்டல்தான். விட்டால் பிஸ்டன் உடைந்துவிடும் என்றான் பரீது.

அதற்கு அவன் செய்த வேலையைப் பாருங்கள்! சென்சாரிலிருந்து ஒயர் இழுத்து டேப்ரெக்கார்டரின் மைக் ஓட்டையில் சொருகி, ரெக்கார்டு பட்டனை அழுத்தி, ஹெட்போனை மனைவி அலிமாவின் தலையில் மாட்டிவிட்டான்.

"தட்டுச்சுன்னா என் தோள்ல ஒரு அடி போடு. ஆக்ஸிலேட்டர விட்டுருதேன்."

"நீங்களே மாட்டிக்கிட்டா என்ன?"

"நான் ரோட்டப் பாக்க வேண்டாமா?"

அவள் உதட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டான். மூன்று வருஷம் கழித்து வந்த மனிதன் வந்ததிலிருந்தே இப்படித்தான். அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. விளக்கை அணைத்துவிட்டால், அவள் என்ன கேட்டாலும் சுவர்தான் பதில் சொல்ல வேண்டும். "அவன் மனசு இங்கன இல்ல, மவளே" என்று மாமியார் ஹைருன் பீவியே சொல்லிவிட்டார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? துபாயில் வேறொருத்தி இருக்கிறாள் என்று தெருவே முடிவுகட்டியிருந்தது. தான் வேண்டுமா வேண்டாமா என்று இன்று கேட்டுவிடுவது, வேண்டாமென்றால் உம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்ற வைராக்கியத்தோடுதான் அலிமா வண்டி ஏறினாள்.

தென்காசி தாண்டி, குற்றாலச் சாரலில் நனைந்து, ஐந்தருவிக்கு மேலே பழத்தோட்டத்துக்கு ஏறும் ரோட்டில் கார் திணறியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஹெட்போனில் எஞ்சினின் இரைச்சல்.

"ஒங்களுக்கு என்னைய வேண்டாமா?" என்று கேட்டேவிட்டாள்.

பரீது ரோட்டையே பார்த்தான்.

"சொல்லுங்க. நான் உம்மா வீட்டுக்குப் போயிருதேன்."

அவன் கியரை மாற்றினான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துத் தட்டல் கிளம்பியது. தோளில் அடிக்க வேண்டும் என்பதே மறந்துபோய், "தட்டுது! விடுங்க!" என்று அலறினாள். அவனோ இன்னும் அழுத்தினான். ஆத்திரத்தில் ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள்.

கழற்றிய பிறகும் தட்டல் கேட்டது. தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கினதுபோல் அத்தனை பச்சையாகக் கேட்டது. ரோட்டோரம் மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார். பரீது மட்டும் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தான்.

அலிமா அவன் காதைப் பார்த்தாள். அவன் தோளில் ஓங்கி அடித்தாள்.

உடனே காலை எடுத்தான். ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத் திரும்பி அவள் உதட்டைப் பார்த்தான். தான் பேசும்போதெல்லாம் அவன் ஏன் தன் உதட்டையே பார்த்தான் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"காது கேக்கலியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மூணு வருஷமும் கம்ப்ரஸர் ரூம்லதான் வேல. அந்த எரைச்சல்ல காது போயிருச்சு. செவிடங்கூட எப்படி இருக்கதுன்னு நீ உம்மா வீட்டுக்குப் போயிருவியோன்னு பயந்துட்டேன்."

அட பாவி மனுஷா! அலிமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மைக் ஓட்டையிலிருந்து சென்சார் ஒயரைப் பிடுங்கினாள். ஹெட்போனை எடுத்து அவன் காதில் மாட்டி, சத்தத்தை முழுசாக வைத்து, உள்ளேயே மைக் இருந்த டேப்ரெக்கார்டரைத் தன் வாய்க்கருகே கொண்டுபோனாள்.

"நான் எங்கயும் போக மாட்டேன்!"

பரீதின் கண் நிறைந்துவிட்டது.

"கத்தாத, அலிமா," என்றான். "நல்லாக் கேக்குது."